கிரிக்கெட் ஹெல்மெட்: கவனிக்க வேண்டியது இடைவெளியை

கம்பிக்கும் விளிம்புக்கும் நடுவே

பிள்ளைக்கு கிரிக்கெட் ஹெல்மெட் வாங்கப் போகும் பெற்றோர் பெரும்பாலும் வெளி ஓட்டைத் தட்டிப் பார்த்து, விலையைக் கேட்டு முடிவெடுக்கிறார்கள். முன்விளிம்புக்கும் முகக் கம்பிக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளப்பவர் குறைவு. பெரியவர்கள் ஆடும் பந்தின் விட்டம் 7 சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம். 13 வயதுக்கு உட்பட்டோரின் பந்து அதைவிடச் சிறியது. ஆகவே அண்ணனின் பழைய ஹெல்மெட்டைத் தம்பிக்கு மாட்டினால், பெரிய பந்தைத் தடுக்கும் இடைவெளி சின்னப் பந்துக்கு வழிவிடலாம். பிரிட்டிஷ் தரநிலையான பிஎஸ் 7928:2013, பந்து முகக் கம்பியைத் தாண்டி உள்ளே புகுகிறதா என்று சோதிக்கிறது. பெரியவர் பந்துக்கும் சிறுவர் பந்துக்கும் தனித்தனிச் சோதனை. எந்தப் பந்துக்குத் தேறியது என்பதை உள்ளே ஒட்டிய சீட்டில் பாருங்கள். பந்து சரியாகத் தெரியவில்லை என்று திருகைத் தளர்த்திக் கம்பியைக் கீழே இறக்குவதும், வேறு கம்பெனிக் கம்பியைப் பொருத்துவதும் அந்தச் சோதனையையே வீணாக்கிவிடும்.

“அந்தக் காலத்தில் ஆடவில்லையா?”

வெஸ்ட் இண்டீஸ் பேட்ஸ்மேன் விவியன் ரிச்சர்ட்ஸ் ஹெல்மெட் இல்லாமல் ஆடினார், உண்மைதான். ஆனால் 1962-ல் பார்படாஸில் பந்து பட்டு மண்டை உடைந்த இந்தியக் கேப்டன் நாரி கான்ட்ராக்டர் அதன்பின் டெஸ்ட் ஆடவே இல்லை. 1998-ல் டாக்காவில் ஹெல்மெட் அணியாமல், பேட்ஸ்மேனுக்கு மிக அருகே ஷார்ட் லெக்கில் நின்ற இந்திய வீரர் ரமண் லாம்பா பந்து தலையில் பட்டு உயிரிழந்தார். தப்பியவரை மட்டும் எண்ணுவது கணக்காகாது. ஹெல்மெட் போட்டும் 2014-ல் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பில் ஹியூஸ் இறந்தாரே என்ற கேள்வி இதைவிடக் கனமானது. பந்து அவரது ஹெல்மெட் மூடாத கழுத்தில் பட்டு, மூளைக்குச் செல்லும் தமனி கிழிந்தது. பின்கழுத்துக் காப்பு வந்தது அதற்குப் பிறகுதான். மூச்சு முட்டுகிறது என்று அதை ஒதுக்குவோர் உண்டு. நம் ஊர் வெயிலில் அது நியாயமான புகார்தான். நெட் பயிற்சியிலிருந்தே போட்டுப் பழகினால் உறுத்தல் குறையும்.

அடி வாங்கிய பின்

உள்ளிருக்கும் நுரைப் பட்டை நசுங்கித்தான் அடியைத் தாங்குகிறது. நசுங்கியது வெளியே தெரியாது. பலமாக அடிபட்ட ஹெல்மெட்டில் கீறலே இல்லாவிட்டாலும் மாற்றிவிடுவது நல்லது. வியர்வை ஊறிய பட்டையை மென்மையான சோப்புத் தண்ணீரில் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். தின்னர், பெயின்ட் வேண்டாம், வெயிலில் நிற்கும் காரின் டிக்கியும் வேண்டாம். எந்த ஹெல்மெட்டும் மண்டைக்குள் மூளை குலுங்குவதை முழுதாகத் தடுக்காது. தலையில் அடிபட்ட ஆட்டக்காரருக்குப் பதிலாக இன்னொருவரை இறக்க 2019-ல் ஐசிசி அனுமதித்தது அதனால்தான். அடிபட்ட பிள்ளை தலைசுற்றல், குமட்டல், குழப்பம் என்று எதைச் சொன்னாலும் அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.