கைக்குட்டையில் முடிந்த ஐந்து டாலர்

எழுத்தறிவித்தவர்கள் – 9

சென்ற வாரம் மேரியைப் பருத்திக்காட்டில் விட்டுவிட்டு வந்தோம். தென் கரோலினாவில் மேயஸ்வில் என்ற ஊர்ப்பக்கம், அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற தம்பதிக்கு 17 பிள்ளைகள். 1875இல் பிறந்த மேரி மெக்லியோட் 15ஆவது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போனவள் அவள் ஒருத்திதான். போக ஐந்து மைல், வர ஐந்து மைல், நடைதான்.

காலையில் படித்ததை மாலையில் வீட்டாருக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவாள். கூட்டல் கழித்தல் பிடிபட்டதும், பருத்தி எடைபோடும் இடத்தில் அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள். அதுவரை வியாபாரி சொன்னதுதான் எடை, கொடுத்ததுதான் காசு. இனி ஒரு சிறுமி தராசையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அக்கம்பக்கத்தாரும் தங்கள் மூட்டைக்கு அவளைக் கூப்பிடத் தொடங்கினார்கள். தட்டை விரலால் அழுத்துகிறவர்கள் எந்த ஊரில்தான் இல்லை? கணக்குத் தெரிந்த ஒரு பிள்ளை நின்றாலே அந்த விரலுக்குக் கூச்சம் வந்துவிடும்.

மேல்படிப்புக்கு வழியில்லை. டென்வர் நகரில் துணி தைத்துப் பிழைத்த மேரி கிறிஸ்மன் என்ற பெண், தன் சம்பாத்தியத்தில் ஒரு கறுப்பினப் பிள்ளையைப் படிக்க வைக்க விரும்பினார். ஊர்ப்பள்ளி ஆசிரியை எம்மா வில்சன் கைகாட்டியது நம் மேரியை. ஸ்கோஷியா பள்ளியில் ஆறு வருடம், பிறகு சிகாகோவில் மிஷனரிப் பயிற்சி. ஆப்பிரிக்காவுக்குப் போய் ஊழியம் செய்ய விண்ணப்பித்தபோது, கறுப்பின மிஷனரிகளுக்கு அங்கே இடமில்லை என்று பதில் வந்தது. ஆப்பிரிக்காவில்! இரண்டு முறை படித்துப் பார்த்தேன், அச்சுப்பிழை இல்லை.

பல ஊர்களில் ஆசிரியை வேலை, ஆல்பர்ட்டஸ் பெத்யூனோடு கல்யாணம், ஒரு மகன். 1904இல் புளோரிடாவின் டேடோனாவுக்கு வந்தபோது கையில் இருந்தது ஒன்றரை டாலர். பிடித்த வீட்டுக்கு மாத வாடகையோ 11 டாலர். ஐந்து சிறுமிகளும் தன் மகனுமாகப் பள்ளியைத் தொடங்கிவிட்டார். மரப்பெட்டிகள்தான் பெஞ்சும் மேசையும். எரிந்த குச்சியின் கரி பென்சில். எல்டர்பெர்ரிப் பழத்தைப் பிழிந்தால் மை.

பிள்ளைகள் பெருக, நிலம் தேவைப்பட்டது. ஊர்க் குப்பையைக் கொட்டும் மேடு ஒன்று 250 டாலருக்குப் படிந்தது, முன்பணம் ஐந்து டாலர். அந்த ஐந்து டாலரும் இல்லை என்பதை மேரி வெளியே காட்டிக்கொள்ளவில்லை. சில நாளில் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, கட்டட வேலைக்காரர்களிடம் ஐஸ்கிரீமும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு ‘பை’ என்ற பலகாரமும் விற்றார். சேர்ந்த சில்லறையைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப்போய் நிலக்காரரிடம் கொடுத்தார். இந்தக் காட்சியை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். கூச்சம் பார்த்திருந்தால் பள்ளி எழும்பியிருக்காது. சோப்புக் கம்பெனி முதலாளி ஜேம்ஸ் கேம்பிளிடமும் இதே துணிச்சலோடு போய், அவரைப் பள்ளியின் அறங்காவலராகவே ஆக்கிவிட்டார்.

ஒருநாள் மாணவி ஒருத்திக்குக் குடல்வால் நோய். ஊரில் இருந்தது வெள்ளையர் மருத்துவமனை. கெஞ்சியபின் சிகிச்சை கிடைத்தது. ஆனால் பெண்ணைக் கிடத்தியிருந்தது பின்பக்கத் தாழ்வாரத்தில். மேரி அங்கே போய்ப் பார்த்தார். 1911இல் பள்ளியை ஒட்டிச் சிறியதாக ஒரு மருத்துவமனை எழுந்தது. அதற்குத் தன் தந்தையின் குடும்பப் பெயரை வைத்தார்.

1920இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. ஆனால் புளோரிடாவில் தலைவரி கட்டினால்தான் ஓட்டு. ஏழைகளை வாக்குச்சாவடிப் பக்கம் வரவிடாமல் வைக்க இதைவிடச் சுலபமான தந்திரம் இல்லை. மேரி தலைவரிக்குப் பணம் திரட்டினார், பெரியவர்களுக்கு இரவு வகுப்பு நடத்தினார். பருத்தித் தராசுக்கு எதிரே நின்ற அதே பிள்ளைதான். எடை மட்டும் வேறு.

வெள்ளை இனவெறியர்கள் பொறுப்பார்களா? வெள்ளை அங்கியும் முகமூடியுமாக கூ க்ளக்ஸ் க்ளான் கூட்டம் பள்ளி வளாகத்துக்கே வந்து நின்றது. உள்ளே இருந்த மாணவிகள் பாடத் தொடங்கினார்கள். வந்தவர்கள் சிறிது நேரம் நின்றுவிட்டுக் கலைந்து போனார்கள்.

தேர்தல் நாளன்று மேரி தன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போனார்.

(தொடரும்)