இரத்தக் கொதிப்பு என்னும் மறைமுகச் சத்துரு

நமது ஜனங்கள் இரத்தக் கொதிப்பு என்று வழங்கும் நோய்க்கு அந்தப் பெயர் வாய்த்தது ஒரு துரதிர்ஷ்டமென்றே நாம் கருதுகிறோம். இந்நோயில் இரத்தம் கொதிப்பதுமில்லை; சூடேறுவதுமில்லை. ஆயினும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில், இது முன்கோபிகளுக்கும் பருத்த தேகமுடையோருக்கும் உரிய வியாதி என்ற எண்ணம் பலருக்கு உண்டாகிறது. ‘நாம் சாந்தமானவர், மெலிந்தவர், நமக்கு ஏது கொதிப்பு?’ என்று அவர்கள் நிம்மதியாக இருந்துவிடுகின்றனர். இந்தப் பொய் நிம்மதிக்குப் பலியானவர்களின் தொகை சிறிதன்று.

மகாத்மா காந்தியைக் காட்டிலும் சாந்த சீலரை நாம் எங்கே காண்பது? அவர் மித உணவினர், மதுவை விலக்கியவர், நாள்தோறும் நெடுந்தூரம் நடப்பவர், எடையோ 47 கிலோவுக்கும் குறைவு. அப்படிப்பட்டவருடைய இரத்த அழுத்தம் 1937 அக்டோபர் 26-ந் தேதி 194-க்கு 130 என்றும், 1940 பிப்ரவரி 19-ந் தேதி 220-க்கு 110 என்றும் இருந்ததை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சஞ்சிகை 2019-ல் வெளியிட்ட குறிப்புகளால் அறிகிறோம். சாந்தமும் மெலிந்த தேகமும் மாத்திரமே இந்நோய்க்கு வேலியாகா என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இந்த எண்கள் உணர்த்துவது யாது? ஹிருதயம் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளும்போது, குழாய்களின் சுவர்மீது எவ்வளவு அழுத்தம் உண்டாகிறது என்பதை மேல் எண் காட்டும். ஹிருதயம் தளர்ந்து மறுபடி நிரம்பும் இடைவேளையில் எஞ்சி நிற்கும் அழுத்தத்தைக் கீழ் எண் காட்டும். இரண்டும் பாதரசத்தின் உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் கொண்டு சொல்லப்படுபவை. 120-க்கு 80 என்பது ஆரோக்கிய நிலை. வெவ்வேறு நாட்களில், அமைதியாக அமர்ந்திருக்கையில் அளந்தும், மேல் எண் 140-ஐயாவது கீழ் எண் 90-ஐயாவது எட்டி நிற்குமானால் அதை நோயென்று வைத்தியர்கள் கொள்வது வழக்கம். படியேறுகையிலும், கோபத்திலும், அச்சத்திலும் எவருக்கும் அழுத்தம் உயர்ந்து பின் தணியும், அது நோயன்று. ஓய்ந்திருக்கும்போதும் தணியாமல் நிற்பதே நோய்.

இதற்குக் காரணம் என்னவென்றால், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இன்னதென்று ஒன்றை மாத்திரம் சுட்டிக் காட்ட இயலாது. பரம்பரை, ஏறும் வயது, உப்பு மிகுந்த உணவு, தேக உழைப்பின்மை, மிகுந்த எடை, மது ஆகியவை ஒன்றோடொன்று கூடி அதை விளைவிக்கின்றன. எஞ்சிய சிலருக்குச் சிறுநீரகங்களின் நோயோ, அவற்றின்மேல் அமைந்துள்ள சுரப்பிகளின் கோளாறோ மூலமாக இருக்கும். இவற்றுள் உப்பைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். உண்ட உப்பு முழுவதையும் சிறுநீரகங்கள் வெளியேற்ற இயலாதபோது, உப்புடன் நீரும் தேகத்தில் தங்குகிறது, குழாய்களில் ஓடும் திரவம் பெருகுகிறது, அழுத்தம் ஏறுகிறது. நாளொன்றுக்கு 5 கிராமுக்கு, அதாவது ஒரு தேக்கரண்டி அளவுக்கு, மேற்படலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அபிப்பிராயம். நமது இலைகளிலோ குழம்பிலும் பொரியலிலும் உள்ள உப்புக்கு மேல் ஊறுகாயும் அப்பளமும் மோர்மிளகாயும் கருவாடும் வந்து சேர்கின்றன. உப்பே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. 1930-ல் வேதாரண்யத்தில் உப்புக்காகச் சிறை புகுந்தவர்களின் தேசத்தார் நாம். அளவு வேண்டுமென்றே சொல்லுகிறோம்.

இனி, தேகத்தில் இந்நோய் செய்யும் நாசத்தைக் கவனிப்போம். மிகுந்த அழுத்தத்தை எதிர்த்து நாளும் இரத்தத்தைத் தள்ளும் ஹிருதயத்தின் தசை, பளு தூக்குகிறவனுடைய புஜத்தைப்போல் தடிக்கிறது. முதலில் தடித்து இறுகி, பின்னர் தளர்ந்து, கடமையைச் செய்யமாட்டாமற் போகிறது. குழாய்களின் உட்சுவர் புண்பட்டு, கொழுப்புப் படிந்து, குறுகுகிறது. ஹிருதயத்துக்கே இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபட்டால் மாரடைப்பு. மூளைக்குச் செல்லும் குழாய் அடைபட்டாலும், வெடித்தாலும் பக்கவாதம் அல்லது மரணம். சிறுநீரகங்களிலுள்ள நுண்ணிய வடிகட்டிகள் சிதைகின்றன. அவை சிதையச் சிதைய அழுத்தம் இன்னும் ஏறுகிறது. ஏறிய அழுத்தம் அவற்றை மேலும் சிதைக்கிறது. விழித்திரையின் குழாய்கள் கசிந்து பார்வை மங்குகிறது. இவ்வளவும் நடைபெறும் வருஷங்களில் நோயாளிக்குப் பெரும்பாலும் வலி இல்லை, ஜுரம் இல்லை, பசிக்குறைவும் இல்லை. இந்நோயின் கொடுமையெல்லாம் இந்த மௌனத்திலே அடங்கியிருக்கிறது.

இதற்கு உலகமறிந்த திருஷ்டாந்தம் அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1935-ல் அவரது இரத்த அழுத்தம் 136-க்கு 78. 1937-ல் 162-க்கு 98. 1941-ல் 188-க்கு 105. எண்கள் படிப்படியாக ஏறி வந்தும், பரிகாரம் ஏதும் தொடங்கவில்லை. அவருடைய சொந்த வைத்தியரோ மூக்கு, தொண்டை நோய்களில் நிபுணர். 1944 மார்ச் மாதத்தில் டாக்டர் ஹவர்டு புரூன் என்ற இளம் ஹிருதய வைத்தியர் பரிசோதித்தபோது அழுத்தம் 186-க்கு 108 ஆக இருந்ததுடன், ஹிருதயம் பெருத்துத் தளரவும் தொடங்கியிருந்தது. ஓய்வு, குறைந்த உப்பு, குறைந்த சிகரெட், ஹிருதயத்துக்குப் பலந்தரும் டிஜிட்டாலிஸ் என்னும் மருந்து ஆகியவற்றுக்கு மேல் அவரால் கொடுக்க முடிந்தது அதிகமில்லை. ஜனாதிபதி சௌக்கியமாக இருக்கிறார் என்றே ஜனங்களுக்குச் சொல்லப்பட்டது. அந்நிலையில் அவர் நான்காம் முறை தேர்தலில் நின்று வென்றார். 1945 பிப்ரவரியில் யால்டாவுக்குச் சென்று, சர்ச்சிலுடனும் ஸ்டாலினுடனும் அமர்ந்து யுத்தத்துக்குப் பிந்திய உலகத்தைப் பற்றிப் பேசினார். ஏப்ரல் 12-ந் தேதி தலையின் பின்புறம் கடுமையாக வலிக்கிறதென்று சொல்லி நினைவிழந்தார். அப்பொழுது அழுத்தம் 300-க்கு 190. மூளையில் இரத்தம் பெருகிச் சில மணி நேரத்தில் உயிர் நீத்தார். வயது 63.

அமெரிக்க வைத்தியர்களை நிந்திப்பது நமது நோக்கமன்று. வயதாகிக் குறுகிய குழாய்களினூடே இரத்தம் செல்ல இந்த அழுத்தம் அவசியமென்றும், அதைக் குறைக்க முயல்வது ஆபத்தென்றும் அக்காலத்துப் பெரிய வைத்தியர்கள் பலர் நம்பினார்கள். மேலும், நம்பத்தக்க மருந்தும் அன்று இல்லை. ரூஸ்வெல்ட்டுக்குப் பின்வந்த ஜனாதிபதி ட்ரூமன் 1948-ல் ஹிருதய நோய் ஆராய்ச்சிக்கென ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அவ்வாண்டில் பிரேமிங்ஹாம் என்ற ஊரில் தொடங்கிய ஆராய்ச்சி, 5,209 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து, உயர்ந்த அழுத்தம் அவசியமன்று, ஆபத்தே என்று நிலைநாட்டியது.

மருந்தின் வரலாற்றில் நமது தேசத்துக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தா என்னும் மூலிகையின் வேர் இந்நோயைத் தணிப்பதைக் கல்கத்தாவில் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும் 1931-ல் எழுதினார்கள். பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல் ஆங்கிலேயரின் ஹிருதய வைத்தியச் சஞ்சிகையில் அதை எழுதியபின் உலகம் செவிசாய்த்தது. அவ்வேரிலிருந்து 1952-ல் ரெஸர்பின் என்ற சத்து பிரித்தெடுக்கப்பட்டது. 1967-ல் அமெரிக்காவில் டாக்டர் எட்வர்டு பிரீஸ் என்பாரின் தலைமையில் நடந்த பரிசோதனையில் கொடுத்த மூன்று மருந்துகளுள் அதுவும் ஒன்று. கீழ் எண் 115-க்கும் 129-க்கும் இடையிலிருந்த 143 பேரில், வெறும் மாத்திரை பெற்ற 70 பேரில் 27 பேருக்குப் பெருந்தீங்கு நேர்ந்தது. மருந்து பெற்ற 73 பேரில் இருவருக்கே நேர்ந்தது. சந்தேகம் அத்துடன் தீர்ந்தது. இன்று ரெஸர்பினைவிட உபாதை குறைந்த மருந்துகள் பல வந்துவிட்டன.

நிற்க, நமது நிலைமை என்ன? 2023-ல் வெளியான தேசீய ஆராய்ச்சியொன்றின்படி இந்தியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் இந்நோய் உண்டு. உலகெங்கும் இந்நோயாளரில் ஏறக்குறையப் பாதிப் பேர் தமக்கு நோய் இருப்பதையே அறியார் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. உலகத்தின் மிக வலிமை பொருந்திய தேசத்தின் தலைவருக்கு 1945-ல் கிட்டாத மாத்திரை, இன்று நமது கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அதை நோயாளியின் வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. அவ்வளவும் இருந்தும் கையை நீட்டி அளந்துகொள்ள நமக்கு அவகாசமில்லை!

மருந்து தொடங்கியவர்களுள்ளும் பலர், எண் இறங்கியவுடன் நோய் தீர்ந்ததென்று எண்ணி நிறுத்திவிடுகிறார்கள். எண் இறங்கியது மருந்தினாலேயே என்பதையும், வைத்தியரைக் கேளாமல் நிறுத்தினால் அது பெரும்பாலும் மறுபடி ஏறுமென்பதையும் அவர்கள் உணரவேண்டும்.

பொதுக் காரியங்களில் ஈடுபட்ட நண்பர்களுக்கு முக்கியமாக ஒன்று சொல்லுவோம். இரவில் கண் விழிப்பதும், கிடைத்த இடத்தில் கிடைத்ததை உண்பதும், சிகரெட்டையே துணையாகக் கொள்வதும் தியாகத்தின் லட்சணங்கள் என்று ஒரு மயக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. தேசத்துக்கென்று ஒப்படைத்த தேகம் நம்முடைய சொத்தன்று. அதைப் பாழாக்க நமக்கு உரிமையில்லை. ஐம்பது வயதில் பக்கவாதத்தால் படுத்த தொண்டனுக்கு அவன் மனைவியும் மக்களும் அன்றோ தொண்டு செய்யவேண்டியிருக்கிறது? முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு முறையேனும் அழுத்தத்தை அளந்துகொள்ளட்டும். கூட்டம் கூட்டுகிற நண்பர்கள், சுகாதார நிலையத்து நர்ஸையும் அழைத்து, வந்தவர்களை அளக்கச் செய்யட்டும். ஐந்து நிமிஷ வேலை இது. அந்த ஐந்து நிமிஷத்தை மறுத்து, பின்னர் விதியை நோவதில் பயனில்லை.