மீண்டும் ஒலித்த மோர்ஸ் சாவி

பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோரிடம், நோய்க்கு முன் ஓய்வு நேரத்தை எவ்வாறு கழித்தனர் என்று நாங்கள் கேட்பதுண்டு. பெரும்பாலோர் தொலைக்காட்சி என்பர். 68 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், சற்றுத் தயங்கியபின், "ஹாம் வானொலி" என்றார். அருகில் நின்ற அவருடைய மனைவி, "அந்தப் பெட்டி பரணுக்குப் போய்ப் பதினைந்து வருஷம் ஆச்சு, டாக்டர்" என்று சிரித்தார்.

அரசுத் தேர்வெழுதி உரிமம் பெற்றவர்கள், தமக்குரிய அழைப்புக் குறியுடன், வணிக நோக்கமின்றி வானலைகளில் உரையாடுவதே ஹாம் வானொலி. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொலைபேசிகள் செயலிழந்தபோது, அங்கிருந்து செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பியவர்களுள் இவர்களும் உண்டு.

மூன்றாம் வார மறுபரிசோதனையில் அவர் வலியைப் பற்றி அதிகம் பேசவில்லை. செய்தித்தாளில் ஒரு பத்தியின் இறுதிக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துவிடுகிறது என்று, மனைவி வெளியே சென்றிருந்த வேளையில், தாழ்ந்த குரலில் கூறினார். பெரிய இருதய அறுவை சிகிச்சைக்குப் பின் சிலருக்கு நினைவும் கவனமும் தளர்வதுண்டு; பெரும்பாலோருக்கு வாரங்களிலோ மாதங்களிலோ அது சீரடைந்துவிடும். இதை எடுத்துரைத்தோம். அவர் தலையசைத்தாரேயன்றி நம்பியதாகத் தெரியவில்லை. வானொலிப் பெட்டியை மீண்டும் எடுக்கலாமா என்று அவர் கேட்டதை நாங்கள் வெறும் பொழுதுபோக்கு விருப்பமாகவே கருதினோம். அறிவு மழுங்கிவிட்டதா என்று தம்மையே சோதித்துப் பார்க்க அவர் விரும்பினார் என்பது எங்களுக்குப் பின்னரே புரிந்தது.

பெட்டி ஐந்து கிலோவுக்கும் மேல். அதற்கு மின்சாரம் தரும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் அதைவிடக் கனம். மொட்டைமாடியில் ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுள்ள ஆன்டெனாக் கம்பியின் ஒரு முனை அறுந்து தொங்கியது. ஏணி வைத்துத் தாமே கட்டிவிடுவதாக அவர் சொன்னபோது எங்கள் இயன்முறை மருத்துவர் உறுதியாக மறுத்தார். பிளந்து இணைக்கப்பட்ட மார்பெலும்பு நன்கு கூடுவதற்குப் பொதுவாக 6 முதல் 12 வாரங்கள் ஆகும். அதுவரை கனம் தூக்குவதும், கைகளைத் தலைக்குமேல் உயர்த்தி இழுப்பதும் கூடாது. இறுதியில் அண்டை வீட்டுக் கல்லூரி மாணவர் பெட்டியை இறக்கிக் கம்பியையும் கட்டினார். உரிமம் நடப்பில் உள்ளதா என்பதையும் முன்னதாகவே சரிபார்த்துக்கொண்டனர்.

தொண்டையில் குழாய் இருந்ததால் குரல் இன்னும் கரகரத்தது. நெடுநேரம் பேசினால் மூச்சு வாங்கியது. மோர்ஸ் குறியீட்டுக்குக் குரல் வேண்டியதில்லை. முழங்கையை மேசைமீது ஊன்றிச் சாவியை விரல்களால் அழுத்தினால் மார்புக்கும் சிரமமில்லை. நாளுக்கு 20 நிமிடம் போதும் என்றோம். நடைப்பயிற்சி முடிந்த பிறகே பெட்டி என்பது மனைவி சேர்த்த நிபந்தனை.

முதல் மாலையில் அவர் செவிமடுக்க மட்டுமே செய்தார். ஒரு காலத்தில் நிமிடத்துக்கு 15 சொற்களை எளிதாக வாங்கியவருக்கு, இப்போது எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்து ஒலித்தன. பெட்டியை அணைத்துவிட்டார்; அன்றிரவு சரியாக உண்ணவுமில்லை. நான்காம் நாள், 'கியூ.ஆர்.எஸ்.' என்னும் குறியை அனுப்பினார். மெதுவாக அனுப்புமாறு வேண்டும் குறி அது. ஹாம்களிடையே அவ்வாறு கேட்பதில் இழிவேதுமில்லை. கேட்டவரின் வேகத்துக்கு மற்றவர் இறங்கிவருவதே மரபு. மறுமுனையிலிருந்து, எழுத்துக்கெழுத்து இடைவெளி விட்டுப் பதில் வந்தது. பெயர், ஊர், அலையின் வலிமை, அங்குள்ள வானிலை. அவற்றைக் குறித்துவைத்த தாளை அடுத்த முறை எங்களிடம் கொண்டுவந்தார். ஊரின் பெயரில் ஓரெழுத்து விடுபட்டிருந்தது. அதைச் சுட்டிக்காட்டியவரும் அவரே.

ஒன்று கூறவேண்டும். இவருக்குப் பேஸ்மேக்கர் பொருத்தப்படவில்லை. பேஸ்மேக்கரோ, மார்பில் பொருத்தும் அதிர்வுக் கருவியோ உள்ளவர்கள், ஒலிபரப்பும் கருவியையும் ஆன்டெனாவையும் நெருங்குமுன் தங்கள் இருதய மருத்துவரைக் கட்டாயம் கேட்கவேண்டும்.

பத்தாம் வாரத்தில் வந்தபோது, மாடிக்கு எப்போது ஏறலாம் என்று கேட்டார். அடுத்த பரிசோதனைக்குப் பின் சொல்வதாகக் கூறியிருக்கிறோம். அவருடைய அழைப்புக் குறி ஒலிக்கும் தாளம் சமையலறையிலிருந்தே தமக்குப் பிடிபட்டுவிடுகிறது என்கிறார் மனைவி.