சும்மா கிடக்காத தரிசு

தென்காசி மாவட்டத்து அச்சன்புதூர்ப் பக்கம் கார், பிசானம் என்று இரண்டு போகமும் நெல் விளைந்த ஒரு வயலை, பங்காளித் தகராறிலோ ஆள் கிடைக்காமலோ உழாமல் விட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் மழைக்கே கோரையும் அறுகும் வயலைப் பிடித்துக்கொள்ளும். கோரைக்குக் கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. யார் தயவும் வேண்டாம். தும்பை விதை மண்ணில் காத்துக் கிடக்கும். நாயுருவி ஆட்டு மயிரில் ஒட்டிக்கொண்டு வந்து சேரும். அடுத்தடுத்த ஆண்டுகளில் கொழுஞ்சியும் ஆவாரையும் எருக்கும் தலைகாட்டும். கொழுஞ்சியின் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்க்கிறது. தழையுரத்துக்குக் கொழுஞ்சி மிதித்த விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மண் கொஞ்சம் தேறியதும் உடைமரமும் விடத்தலையும் இலந்தையும் வரும். இங்கேதான் கதை சுவைக்கிறது. உடைமரக் கிளையில் வந்து உட்காரும் மைனா, எங்கோ தின்ற வேப்பம்பழத்தின் கொட்டையைக் கீழே போடுகிறது. கீழே முள். ஆட்டின் வாய் எட்டாத அந்த இடத்தில் வேம்பு தைரியமாக வளர்கிறது. வளர்ந்து, தன்னைக் காத்த உடைமரத்தின் மீதே நிழல் போடுகிறது. வெயில் இல்லாமல் உடைமரக் கன்றுகள் பிழைக்காது.

ஒரு கூட்டம் போய் இன்னொரு கூட்டம் வரும் இந்த மாற்றத்தை நம் பாடநூல்கள் வழிமுறை வளர்ச்சி என்கின்றன. வயலில் மண்ணும் விதையும் ஏற்கெனவே உண்டு. அதனால் வேலை விரைவாக நடக்கும். ஒன்றுமே இல்லாத இடத்தில் தொடங்குவது வேறு. 1883ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் கிராகடோவா எரிமலை வெடித்தபோது, மிஞ்சிய தீவு முழுக்கச் சூடான சாம்பலால் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு அங்கே போனவர்கள் கண்ட உயிர் ஒரே ஒரு சிலந்தி. பிறகு பாசி, பெரணி, புல் என்று வந்து, ஐம்பது ஆண்டுக்குள் காடு மூடிவிட்டது.

இந்த ஏணி எங்கே போய் முடியும்? அமெரிக்கத் தாவரவியலாளர் பிரெடரிக் கிளமெண்ட்ஸ் 1916இல் இதற்கு உறுதியான பதில் சொன்னார். ஒவ்வொரு தட்பவெப்பத்துக்கும் ஒரு உச்சநிலைக் காடு உண்டு. குழந்தை வளர்ந்து ஆளாவதைப் போல நிலம் அதை நோக்கி வளரும் என்றார். பத்தாண்டு கழித்து ஹென்றி கிளீசன் அதை மறுத்தார். செடிகள் எந்தத் திட்டத்துக்கும் கட்டுப்பட்டவை அல்ல. அதனதன் விதை எட்டிய இடத்தில், அதற்கு ஒத்துக்கொண்ட இடத்தில் முளைக்கிறது, அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. அப்போது அவர் பேச்சை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று பெரும்பாலான சூழலியலாளர்கள் அவர் பக்கம்தான் நெருங்கி நிற்கிறார்கள்.

கிளமெண்ட்ஸ் சொன்னதில் தட்பவெப்பம் பற்றிய பகுதி மட்டும் வலுவாகவே நிற்கிறது. அதை அச்சன்புதூரில் நின்று மேற்கே பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். ஆனி, ஆடியில் அரபிக்கடலிலிருந்து வரும் மேகம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கத்திலேயே பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிடுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே தப்பி வரும் மிச்சம்தான் நமக்குக் குற்றாலச் சாரல். காற்று மட்டும் குறையாமல் வந்து சமவெளியின் காற்றாலைகளைச் சுற்றுகிறது. கிழக்கே தள்ளிப் போகப் போக ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். அங்கே முட்புதர்க் காடு. மேக்கரை தாண்டி அடவிநயினார் அணைக்கு மேலே ஏறினால் வேனிலில் இலையுதிர்க்கும் வேங்கையும் வெக்காலியும். இன்னும் மேலே பசுமைமாறாக் காடு. கணவாயைக் கடந்தால் செந்துருணி சரணாலயம். செங்குறிஞ்சி மரத்தின் பெயரால் 1984இல் அமைந்தது. அதை அடுத்த குளத்துப்புழைப் பக்கம், தண்ணீருக்குள் நின்றபடி வேரை மேலே வளைத்து மூச்சுவிடும் காட்டு ஜாதிக்காய்ச் சதுப்புகள்.

உலக வரைபடத்தில் பாலைவனம், சவானா, மழைக்காடு, பனிக்காட்டு ஊசியிலை மரங்கள், தூந்திரம் என்று வண்ணம் தீட்டிக் காட்டும் பல்லுயிர்த் தொகுதிகளும் இதே கணக்குத்தான்: மழை எவ்வளவு, குளிர் எவ்வளவு. நம் மலையில் ஊசியிலைக் காட்டைத் தேட வேண்டாம். அகத்தியமலை 1,860 மீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்தாலும், மாதக்கணக்கில் உறையும் குளிர்காலம் அங்கே இல்லை.

ஆனால் இந்த வண்ணப் படத்தை அப்படியே நம்பக்கூடாது. ஆப்பிரிக்கச் சவானாவில் பல இடங்களில் காடு வளரப் போதிய மழை பெய்கிறது. தீயும் மேயும் விலங்குகளும்தான் மரத்தைத் தலைதூக்க விடாமல் புல்லைக் காக்கின்றன. நீலகிரி, பழனி மலைகளின் புல்வெளிகளும் பழங்காலம் முதலே புல்வெளிகள். அவற்றை வெறும் தரிசு என்று எண்ணி வெள்ளைக்காரர்கள் சீகை மரமும் யூகலிப்டஸும் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் தொடர்ந்தோம். புல்லை அரைகுறைக் காடாகப் பார்க்கும் கண் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை என்பது என் எண்ணம்.

நம் வயலிலும் ஏணி நடுவில் உடையலாம். விறகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சீமைக்கருவேலம் முந்திக்கொண்டால் வேம்புக்கு இடமில்லை. மலையடிவாரத்தில் அதே வேலையை உண்ணிச்செடி செய்கிறது. அழகுக்காகத் தோட்டத்துக்கு வந்து காட்டுக்குள் புகுந்தது அது. அது படர்ந்து புல்லும் மூங்கிலும் சுருங்கினால் யானைக்குத் தீனி குறையும். வடகரை, மேக்கரைத் தோப்புகளில் யானை புகுவதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. வாழையும் தென்னையும் யானைக்கு ருசியான தீனி.

இந்தப் பாடத்துக்கெல்லாம் பெரிய பரீட்சை தெற்கே மாஞ்சோலையில் வரப்போகிறது. சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த காட்டில் தேயிலை வந்தது. குத்தகை 2028இல் முடிகிறது. தலைமுறைகளாக அங்கே உழைத்தவர்கள் எங்கே போவார்கள் என்பது தனிக் கேள்வி. அதுதான் முதல் கேள்வியும்கூட. தேயிலையை அப்படியே விட்டுவிட்டால் காடு தானாக வந்துவிடுமா என்பது இரண்டாவது. கவ்வாத்து செய்யாத தேயிலைச் செடி மரமாக உயர்ந்துவிடும். தும்பை விதையைப் போல மழைக்காட்டு மரங்கள் பெரும்பாலானவற்றின் விதை ஆண்டுக்கணக்கில் மண்ணில் உறங்காது. காய்ந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் செத்துவிடும். எனவே நூறாண்டுத் தேயிலைக்கு அடியில் பழைய காட்டின் விதை இருப்பு கிடையாது. விதை பக்கத்துக் காட்டிலிருந்துதான் வர வேண்டும். கருங்குங்கிலியம், காட்டு ஜாதிக்காய் போன்ற பெரிய விதைகளைத் தூரம் கொண்டுபோய்ப் போட இருவாச்சி போன்ற பெரிய பறவைகள் வேண்டும்.

பக்கத்துக் காக்காச்சியைச் சுற்றி வெடிப்பலா நிறைந்த காடு இன்னும் நிற்பது மாஞ்சோலைக்கு வாய்த்த நல்வாய்ப்பு. வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை இரண்டாயிரமாம் ஆண்டையொட்டித் தொடங்கிய வேலை இங்கே வழிகாட்டும். சிதைந்த காட்டுத் துண்டுகளில் உண்ணிச்செடி போன்ற களைகளை நீக்கி, அந்தந்த இடத்து மரங்களையே நாற்றுவிட்டு நட்டார்கள். நட்ட இடங்கள் நடாமல் விட்ட இடங்களைவிட நன்றாகத் தேறின. நல்ல காட்டை ஒட்டிய துண்டுகளில் இந்த வித்தியாசம் குறைவு. தள்ளியிருந்த துண்டுகளில்தான் அதிகம். மாஞ்சோலையிலும் காட்டை ஒட்டிய சரிவுகளைப் பறவைகளிடம் விட்டுவிட்டு, நடுவிலுள்ள தேயிலைக்கு முதலில் நாற்று எடுத்துப் போகலாம்.