கணினி தானே அணைந்து எழுந்தால் முதலில் நோட்டை எடுங்கள்

எங்கள் வீட்டுக் கணினிக்கு மாலை ஆறரை மணி ஆகாது. மகள் கல்லூரிக்கான வரைபடத்தில் பாதி போட்டிருப்பாள். எந்த அறிவிப்பும் வராது. திரை கறுத்து, உள்ளே ஓடும் ஃபேன் ஒரு நொடி அடங்கி, மறுபடி கம்பெனிப் பெயரோடு எழுந்து நிற்கும். கடையில் காட்டினேன். "விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு சார், ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்" என்றார்கள். 600 ரூபாய் கொடுத்தேன். நான்காம் நாள் ஆறரை மணிக்கு மறுபடி போனது. மறுபடி ஃபார்மட், மறுபடி 600.

மூன்றாவது முறை தூக்கிக்கொண்டு கிளம்பியபோது மகள் தடுத்தாள். ஒரு பழைய நோட்டில் தேதி, மணி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள், வீட்டில் வேறு என்ன ஓடியது என்று எழுத ஆரம்பித்தாள். பத்து நாளில் ஒன்பது முறை போனது. அதில் ஏழு முறை 6.25க்கும் 6.40க்கும் நடுவில். வீட்டு ஓனர் மேல்தொட்டிக்கு மோட்டார் போடும் நேரம் அது.

எங்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த நோட்டு புதிய சங்கதி இல்லை. லைன் நின்றால் எந்த மெஷின், எந்த ஷிஃப்ட், எத்தனை நிமிடம், நிற்கும் முன் என்ன சத்தம் என்று எழுதிய பிறகுதான் ஸ்பானர் எடுப்பார்கள். காரணம் பிடிபடும் வரை ‘ஏன், ஏன்’ என்று ஐந்து முறை கேட்கச் சொல்லிப் பயிற்சியே கொடுக்கிறார்கள். அதே ஆள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும், சொந்தக் காசில் தவணையில் வாங்கிய மெஷினை ஒரு வரி எழுதாமல் ஃபார்மட்டுக்குக் கொடுக்கிறார். நானும் கொடுத்தேனே!

ஃபார்மட்டில் போட்டோக்கள் போவது எல்லோருக்கும் தெரியும். அதோடு கணினி தனக்குத் தானே எழுதிவைத்திருக்கும் நோட்டும் போய்விடுகிறது. விண்டோஸில் ‘ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ என்று தேடினால் எந்த நாளில் எது செயலிழந்தது என்று தேதிவாரியாகக் காட்டும். ‘ஈவண்ட் வியூவர்’ இன்னும் விவரமானது. அதில் 1074 என்ற எண் இருந்தால், அப்டேட்டோ வேறொரு மென்பொருளோ முறைப்படி சொல்லிவிட்டு ரீஸ்டார்ட் செய்திருக்கிறது. பழுது இல்லை, அமைப்பில் ‘ஆக்டிவ் ஹவர்ஸ்’ நேரத்தை மாற்றினால் போதும். ‘கெர்னல்-பவர் 41’ என்று இருந்தால், முறைப்படி மூடாமலே அணைந்தது என்று அர்த்தம். அதில் ‘பவர்’ என்ற சொல்லைப் பார்த்ததும் பல கடைகளில் எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்குள் கரண்ட் பிரித்துத் தரும் பெட்டி) மாற்றச் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். 41 என்பது விளைவைத்தான் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. அதன் விவரத்தில் ‘பக்செக்கோட்’ பூஜ்யமாக இருந்தால், விண்டோஸுக்கு ஒரு வார்த்தை எழுதக்கூட நேரம் கிடைக்கவில்லை. கரண்ட், சூடு, எஸ்எம்பிஎஸ் பக்கம் பார்க்கலாம். வேறு எண் இருந்தாலோ, பக்கத்திலேயே 1001 என்ற பதிவு இருந்தாலோ, ரேம், டிரைவர், டிஸ்க் பக்கம் போக வேண்டும்.

இன்னொன்றையும் செய்துவிடுங்கள். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் ‘ஸ்டார்ட்டப் அண்ட் ரெகவரி’ என்ற பகுதியில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டால், மென்பொருள் தகராறாக இருக்கும்போது மெஷின் ஓடி ஒளியாமல், பிழைச் செய்தியோடு திரையிலேயே நிற்கும். செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் எப்போதும் நம் வீட்டுக்குள் இருக்கும் என்றும் இல்லை. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு இணையம் வழியாகப் பரவியபோது, 60 நொடி எண்ணிவிட்டுக் கணினி தானே அணையும். ஃபார்மட் அடித்து மறுபடி நெட்டில் இணைத்தால், சில நிமிடங்களில் மறுபடி எண்ண ஆரம்பிக்கும். தேவைப்பட்டது மைக்ரோசாஃப்ட் அதற்கு முந்தைய மாதமே வெளியிட்டிருந்த ஒரு சிறு திருத்தம்தான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரே ஒரு பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில் விழுந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு மருந்து, சேஃப் மோடில் போய் ஒரு கோப்பை அழிப்பது. ஃபார்மட் அடித்தவர்கள் கையிலிருந்ததையும் இழந்தார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஓடு நின்றுவிட்டது என்பதையும் பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் மனதில் வைக்க வேண்டும்.

சூடு பற்றி நீட்ட வேண்டியதில்லை. அரை மணி நேரம் கேம் ஆடினால் மட்டும் அணைகிறது, ஆறவிட்டால் எழுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைத்துக்கொள்கிறது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோரம் குடியிருப்பவர்கள் கேபினட்டைத் திறந்தால் லாரிப் புழுதி பஞ்சு போல அடைத்திருக்கும். மெயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும், தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். வேலை அவ்வளவுதான்.

கரண்ட் விஷயம்தான் இந்தப் பகுதியில் பெரிது. கம்பெனிகள் வந்த வேகத்துக்கு ஊர்களில் லைன் வீடுகள் முளைத்தன. ஒரு மீட்டர் இருந்த இடத்தில் ஆறு போர்ஷன், சப்-மீட்டர், யாரோ எப்போதோ முறுக்கிவிட்ட ஜாயின்ட். கணினியின் எஸ்எம்பிஎஸ் கரண்ட் இல்லாமல் தாக்குப்பிடிப்பது ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு அளவுக்குத்தான். மோட்டாரோ ஏசியோ ஸ்டார்ட் ஆகும் கணத்தில் வோல்டேஜ் சரிந்தால் ட்யூப் லைட் ஒரு சிமிட்டல் சிமிட்டும், டிவி கண்டுகொள்ளாது, கணினி செத்து எழும். இன்வெர்ட்டர் இருந்தும் ரீஸ்டார்ட் ஆகிறதே என்பவர்கள் இன்வெர்ட்டரின் பின்பக்கம் பாருங்கள். பலவற்றில் ‘யுபிஎஸ் மோடு’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது அணைந்திருந்தால் கரண்ட் மாறும் நேரம் கணினிக்குத் தாங்காது. தனி யுபிஎஸ் வைத்திருந்தால், மூன்று வருடத்துக்கு மேல் ஆன பேட்டரியை நம்ப வேண்டாம்.

கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்று இழுக்கிறதா? எர்த் இல்லை. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகியிருப்பீர்கள், அல்லது சுவர் சாக்கெட்டின் பெரிய ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் வடிகட்டி, எர்த் கிடைக்காதபோது மெயின் வோல்டேஜில் ஏறக்குறைய பாதியைக் கேபினட் மீது ஏற்றிவிடும். கரண்ட் அளவு சிறிதுதான். ஆனால் உள்ளே ஒரு இன்சுலேஷன் பழுதானால் அன்றைக்குக் காப்பாற்ற வேண்டிய எர்த் அங்கே இல்லை.

யார் பொறுப்பு என்பதை ஒரு அளவை சொல்லிவிடும். எலக்ட்ரீஷியனை வைத்து, தகராறு வரும் அதே நேரத்தில், மீட்டர் அருகிலும் உங்கள் சாக்கெட்டிலும் வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டரிலேயே குறைவு என்றால் மின்வாரியத்தின் வேலை. அறிவித்த வோல்டேஜுக்கு 6 விழுக்காட்டுக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்பது பழைய இந்திய மின் விதிகளிலிருந்தே உள்ள வரம்பு. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். தீரவில்லையென்றால் உங்கள் மின் பகிர்மான வட்டத்தில் மேற்பார்வைப் பொறியாளர் தலைமையிலான நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர். மீட்டரில் சரியாக இருந்து சாக்கெட்டில் மட்டும் சரிந்தால், வயரிங் வீட்டுக்காரருடையது. வாடகைக்காரர் சொன்னால் கேட்பார்களா என்று கேட்பீர்கள். நோட்டோடு போனால் கேட்கிறார்கள்.

மெஷினே பழுதாக இருந்தால்? இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். டெல் நிறுவனம் 2007இல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை திறந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 2003 முதல் 2005 வரை, அந்த நிறுவனம் வெளிநாடுகளில் விற்ற ஆப்டிபிளெக்ஸ் வகைக் கணினிகளில் மதர்போர்டின் கெப்பாசிட்டர்கள் தலை வீங்கி, கசிந்து, மெஷின்கள் படுத்தன. டெல் மட்டுமல்ல, அந்தக் காலத்தில் பல கம்பெனிகளின் போர்டுகளில் இதே நோய் இருந்தது. டெக்ஸாஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறையின் மெஷின்கள் பழுதானபோது, கடினமான கணக்குகளைப் போட்டு மெஷினைக் களைக்கவைத்துவிட்டீர்கள் என்று நிறுவனம் விளக்கம் சொன்னதாக 2010இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. கணிதத் துறையிடம் போய்க் கணக்கு போட்டது தப்பு என்றால்! பழுதுபார்க்கவும் மாற்றித்தரவும் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது.

அண்மைய உதாரணமும் உண்டு. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சில, அளவுக்கு மீறிய வோல்டேஜால் தேய்ந்து அடிக்கடி கிராஷ் ஆயின. 2024 ஆகஸ்டில் திருத்தம் வந்தது. பாதிக்கக்கூடிய வகைகளுக்கு வாரண்டியை மேலும் 2 ஆண்டு நீட்டினார்கள். வாரண்டி முடிந்தது என்று கடையில் சொன்னால், இந்த நீட்டிப்பைக் கேளுங்கள். பயாஸ் அப்டேட்டும் போட்டாக வேண்டும், ஆனால் ஏற்கெனவே தேய்ந்த பிராசஸரை அது குணப்படுத்தாது.

அசெம்பிள்டு மெஷின் வாங்கியவர்கள் கவனிக்க: கடை ஒரு வருடம்தான் என்று சொன்னாலும், ரேம், டிஸ்க், எஸ்எம்பிஎஸ் ஒவ்வொன்றுக்கும் அதைத் தயாரித்தவர் தரும் வாரண்டி தனி, பெரும்பாலும் நீளம். அதைப் பிடிக்க சீரியல் எண் எழுதிய பில் வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பில் இல்லாமல் வாங்கினால் 18 விழுக்காடு ஜிஎஸ்டி மிச்சம் என்று சந்தோஷப்பட்டவர்கள், மெஷின் படுத்த அன்று அந்த 18ஐ விடப் பெரிய தொகையை இழக்கிறார்கள். பில் தர மறுப்பதும், பழுதான பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருப்பது பழுதான பொருளுக்குச் செல்லாது.

புகார் சொல்ல முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் பேச்சுவார்த்தை மட்டும்தான், ஆனாலும் பெரிய கம்பெனிகள் அதற்கே அசைகின்றன. அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போட வேண்டும். இந்தப் பகுதிக்கு வெளியூரிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு சௌகரியம்: சென்னையில் வாங்கியிருந்தாலும், ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 3 மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் இழுக்கும். பழுதைப் பார்த்து அறிய முடியாதபோது பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே, வழக்கு என்று முடிவெடுத்தால், தெரிந்த தம்பி ஒருவர் சால்டரிங் அயர்னோடு வந்து உதவ முன்வந்தாலும் உள்ளே கைவைக்க விடாதீர்கள். ரிப்பேர் கடையும் இதே சட்டத்துக்குள் வரும். ஜாப் கார்டு இல்லாமல் மெஷினைக் கொடுக்க வேண்டாம்.

நம்பரைத் தேடும்போதும் ஒரு எச்சரிக்கை. கஸ்டமர் கேர் என்று தேடினால் முதலில் வருவது போலியாக இருக்கலாம். உங்கள் கணினியில் வைரஸ், உடனே அழையுங்கள் என்று திரையில் மிரட்டும் எண்களும் அப்படித்தான். 2023 அக்டோபரில் சிபிஐ நாடு முழுக்க 76 இடங்களில் சோதனை போட்டபோது, மைக்ரோசாஃப்ட், அமேசான் கொடுத்த புகார்களின் பேரில் இப்படிப்பட்ட போலி உதவி மையங்களும் அதில் சிக்கின. தொலைவிலிருந்து இயக்கும் ஆப்பை ஏற்றச் சொன்னால் போனை வையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். நோட்டை ஓனரிடம் காட்டினேன். "நான் மோட்டார் போடுறதையெல்லாம் எழுதி வச்சிருக்கீங்களா?" என்று முதலில் முகம் சுளித்தார். பிறகு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். மெயின் போர்டில் நியூட்ரல் ஜாயின்ட் தளர்ந்து, வயரின் மேலுறை கருகி இருந்தது. எங்கள் வீட்டுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு. நியூட்ரல் முழுதாக விட்டுப்போயிருந்தால் சில போர்ஷன்களில் வோல்டேஜ் 400ஐ நெருங்கியிருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து செல் சார்ஜர் வரை எதுவும் மிஞ்சியிருக்காது. ஒரு அறையில் லைட் மங்கும்போது இன்னொரு அறையில் பிரகாசமானால் அதுதான் அறிகுறி. அன்றே மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். கீழ் போர்ஷன் அக்கா ஒரு வாரமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம்.