ஆபீஸில் பாலியல் தொல்லையா? முதலில் தேதியைக் குறிச்சு வைங்க!

ராத்திரி 11 மணி. 'தூங்கிட்டியா?' என்று டீம் லீடரிடமிருந்து வாட்ஸ்அப் மெசேஜ். மறுநாள் லிஃப்ட்டில் தோள்மேல் கை. 'ஃப்ரெண்ட்லியாதான் பழகுறாரோ, நாமதான் தப்பா எடுத்துக்கிறோமோ' என்று குழம்புகிறீர்கள். வீட்டில் சொன்னால், 'வேலையை விட்டுடு' என்பார்கள். 'சரி, அடுத்த தடவை பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுகிறீர்கள்.

அங்கேதான் சிக்கல். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்துபூர்வமாகப் புகார் தர வேண்டும். தொடர்ந்து நடந்தால், கடைசி சம்பவத்திலிருந்து 3 மாதம். தக்க காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் வரை அவகாசம் தரலாம்.

எதெல்லாம் தொல்லை?

தொடுவது மட்டுமல்ல. ஆபாசப் பேச்சு, படம் காட்டுவது, சைகை, 'அனுசரிச்சுப் போனா புரமோஷன்' என்ற பேரம் எல்லாமே தொல்லைதான். அவர் என்ன நினைத்துச் செய்தார் என்பதல்ல, நீங்கள் அதை விரும்பவில்லை என்பதுதான் முக்கியம். ஆபீஸ் கேப், வேலைக்காகப் போன வெளியூர் ஆகியவையும் பணியிடமே. டிரெய்னி, ஒப்பந்த ஊழியர், வீட்டு வேலை செய்பவர் என எல்லோருக்கும் பாதுகாப்பு உண்டு.

இந்த உரிமை சும்மா வந்ததல்ல. 1992-ல் ராஜஸ்தானில், குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக பன்வாரி தேவி என்ற அரசுத் திட்டப் பணியாளர் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதையொட்டித் தொடரப்பட்ட வழக்கில்தான் 1997-ல் உச்ச நீதிமன்றம் 'விசாகா' வழிகாட்டுதல்களைத் தந்தது. 2013-ல் அது சட்டமானது.

யாரிடம் போவது?

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் உள் புகார் குழு கட்டாயம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், ஒருவர் வெளியாள். 10 பேருக்குக் குறைவான கடையா? முதலாளி மீதே புகாரா? மாவட்ட அளவில் உள்ளூர் புகார் குழு இருக்கிறது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். அதுவரை அவரையோ உங்களையோ இடமாற்றம் செய்யும்படி அல்லது 3 மாதம் வரை லீவ் தரும்படி கேட்கலாம். உங்கள் பெயரை வெளியிடக் கூடாது. நீங்களாகக் கேட்காமல் சமரசம் பேசக் கூடாது; பணம் கொடுத்துத் தீர்க்கவும் கூடாது.

'நிரூபிக்க முடியலைன்னா என்மேலயே பாயுமா?' என்ற பயம் பலருக்கு உண்டு. பாயாது. போதிய ஆதாரம் இல்லாததாலேயே அது பொய்ப் புகார் ஆகிவிடாது என்று சட்டமே சொல்கிறது.

இன்று ராத்திரியே செய்யுங்கள்

தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர்... எல்லாவற்றையும் எழுதி உங்களுக்கே மெயில் அனுப்புங்கள். மெசேஜை அருவருப்பில் அழித்துவிடாதீர்கள், ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள். புகார் தருவதா வேண்டாமா என்று நாளைக்குக்கூட யோசிக்கலாம். ஆனால், குறிப்பு இன்றைக்கே வேண்டும்.

சக ஊழியர்களுக்கும் ஒன்று. அந்த இரட்டை அர்த்த ஜோக்குக்குச் சிரிக்காதீர்கள். 'இது சரியில்லைங்க' என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை, அவர் தனியாக எழுத வேண்டிய புகாரையே தேவையில்லாமல் செய்துவிடலாம்.