நிசீதிகையும் மருத்துவ உயிலும்

பட்டுச் சேலைக்குப் பேர்போன ஆரணியும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் தமிழ்ச் சமணர் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் பகுதி என்பதை, பூண்டியில் உள்ள பொன்னிநாதர் கோயிலும் திருமலைப் பாறையில் செதுக்கப்பட்ட 16 அடி உயர நேமிநாதர் சிலையும் காட்டுகின்றன. அங்கிருந்து தெற்கே, செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கல்வெட்டு ஒன்று, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்த இடத்தைக் குறிக்கிறது. அவ்வாறு நோன்பால் உயிர்துறந்த இடத்துக்கு 'நிசீதிகை' என்று பெயர். அந்த நோன்பைச் சமணர் 'சல்லேகனை' என்பர். உடலையும் பற்றையும் படிப்படியாக மெலியச் செய்வது என்பது அச்சொல்லின் கருத்து. எழுத்து வரலாற்றை ஆராய்வோர் இக்கல்வெட்டை 'ஐ' என்னும் எழுத்தின் பழைய வடிவுக்காகப் போற்றுவது வழக்கம். சட்டம் பயில்வோரும் ஒருமுறை அக்குன்றேறிப் பார்க்கலாம்.

ஏனெனில், ஒருவர் தம் இறப்பின் வேளையையும் முறையையும் தாமே தேர்ந்துகொள்ளலாமா என்று இந்திய நீதிமன்றங்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுவரும் கேள்விக்கு, தமிழ்ச் சமூகம் பழங்காலத்திலேயே தனக்குரிய விடையொன்றை வைத்திருந்தது. தன் புதல்வர்களோடு பகைகொண்டு மனமுடைந்த கோப்பெருஞ்சோழன் வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாது உயிர்நீத்ததையும், நேரில் பார்த்தறியாத நண்பர் பிசிராந்தையார் தேடிவந்து உடன் இருந்து இறந்ததையும் புறநானூற்றுப் புலவர்கள் வியந்து பாடினார்களே தவிரப் பழித்துப் பாடவில்லை. மானத்துக்காக வடக்கிருந்த மன்னனுக்கும் பற்றறுக்க நோன்பிருந்த முனிவருக்கும் நோக்கம் வேறாயினும், பலர் அறிய, பல நாள் நீள, இடையில் மனம் மாறினால் எழுந்துவிடக்கூடிய வகையில், பிறர் கைபடாமல் இறப்பை எதிர்கொண்டார்கள் என்பது இருவருக்கும் பொது. அன்றைய சமூகம் அதை ஏற்றதற்கு இந்தப் பகிரங்கமே பெரிய காரணமாக இருந்திருக்க வேண்டும்.

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் இந்த வேறுபாடுகள் எதையும் பார்க்கவில்லை. தற்கொலைக்கு முயல்வோருக்கு ஓராண்டு வரை சிறை என்று 309-ஆம் பிரிவும், தற்கொலைக்குத் தூண்டுவோருக்குப் பத்தாண்டு வரை சிறை என்று 306-ஆம் பிரிவும் கூறின. ஆயினும் 1982 நவம்பரில் வினோபா பாவே பவுனார் ஆசிரமத்தில் உணவும் மருந்தும் மறுத்து உயிர்நீத்தபோது நாடு அதைத் தவமாகவே பார்த்தது. சட்டப் புத்தகம் ஒரு பக்கமும் மக்கள் மனம் மறுபக்கமுமாக இருந்த காலம் அது. 1994-இல் உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு 309-ஆம் பிரிவே செல்லாது என்றது. 1996-இல் கியான் கவுர் வழக்கில் ஐவர் அமர்வு அத்தீர்ப்பை மாற்றி, வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்று கூறியது. ஆனால் இறப்பு ஏற்கெனவே நெருங்கிவிட்ட ஒருவர் கண்ணியமாக இறப்பது கண்ணியமாக வாழ்வதன் பகுதியாகலாம் என்றும் அதே தீர்ப்பில் ஒரு சிறு சாளரத்தைத் திறந்துவைத்தது. பின்னர் வந்தவையெல்லாம் அச்சாளரத்தின் வழியாகவே வந்தன.

சமணர் நோன்பு நேரடியாக வழக்குமன்றம் ஏறியது 2015-இல். சல்லேகனையைச் சமணரின் ஒரு பிரிவினரான சுவேதாம்பரர் 'சந்தாரா' என்பர். அது தற்கொலையே, அதற்குத் துணைநிற்பது குற்றமே என்று அவ்வாண்டு ஆகஸ்ட் 10 அன்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடெங்கும் சமணர்கள் ஊர்வலம் சென்றனர். அம்மாத இறுதியிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்தது. தீராத நோய், தளர்ந்த முதுமை, பஞ்சம் போன்ற நிலைகளில் மட்டுமே இந்நோன்பு விதிக்கப்பட்டது என்றும், வாழ்க்கையை வெறுத்துச் சாவதற்கும் வாழ்ந்து முடித்து விடைபெறுவதற்கும் வேறுபாடு உண்டு என்றும் சமணர்கள் வாதிட்டனர். வழக்குத் தொடுத்தோரின் ஐயமோ வேறு: நோன்பு ஏற்றவரின் குடும்பத்துக்குப் புகழ் சேரும் சமூகத்தில், ஒரு மூதாட்டி நோன்பிருக்கத் துணிந்தது தம் விருப்பத்தாலா, சுற்றத்தாரின் எதிர்பார்ப்பாலா என்று எப்படி அறிவது? சமய உரிமை என்ற ஒரே சொல்லால் இவ்வினாவை ஒதுக்கிவிட முடியாது.

தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களைப் பார்த்தால் இந்த ஐயம் இன்னும் கூர்மையாகும். விருதுநகர், மதுரை, தேனி வட்டாரங்களில் படுத்த படுக்கையான முதியவரை அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரைத் தொடர்ந்து புகட்டி, காய்ச்சலிலும் சிறுநீரகச் செயலிழப்பிலும் இறக்கவிடும் வழக்கத்துக்குத் 'தலைக்கூத்தல்' என்று பெயர். 2010-இல் விருதுநகர் மாவட்டத்தில் முதியவர் ஒருவர் தமக்கு நேரவிருந்ததை அறிந்து வீட்டை விட்டுத் தப்பியோடியபோதுதான் வெளியுலகம் இதைக் கவனித்தது. தேசிய விருது பெற்ற 'பாரம்' திரைப்படம் இதையே பேசியது. வடக்கிருத்தலில் இருந்த பகிரங்கம் இங்கே இல்லை. இறப்பவரின் சம்மதமும் இல்லை. வறுமையும், வேலைக்குப் போனால்தான் சோறு என்ற நெருக்கடியும், பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீடும் சேர்ந்து ஒரு கொலையைக் கடமைபோல் ஆக்கிவிட்டன. 'கருணைக்கொலை' என்று நாளிதழ்கள் எழுதும் சொல்லில் கருணை யாருடையது என்பதைத் தலைக்கூத்தலை வைத்துக்கொண்டு யோசிப்பது நல்லது.

மறுபுறம், இறப்பே வீட்டை விட்டு மருத்துவமனைக்குப் போய்விட்டது. தறியும் அடுப்பும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் ஆரணி நெசவாளர் வீட்டில், கண் மங்கிய பின்னும் தார் சுற்றித் தரும் முதியவர், தறிச் சத்தம் கேட்கும் தூரத்திலேயே நோயுற்றுக் கிடந்து, பிள்ளைகள் வாயில் பால் ஊற்ற உயிர்விடுவதே முன்பு இயல்பு. உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டிருந்தால் ஏதோ ஆசை மிச்சமிருக்கிறது என்று சொந்த நிலத்து மண்ணைக் கரைத்து ஊற்றும் வழக்கமும் தமிழ்நாட்டில் உண்டு. இன்று பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள்; முதியவர் வேலூரிலோ சென்னையிலோ தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசக் கருவியோடு இருக்கிறார். 'கிடையில் விழாமல் போய்விட வேண்டும்' என்ற பழைய வேண்டுதலுக்கு, 'குழாய்களோடு கிடக்கக் கூடாது' என்ற புதிய பொருள் வந்துவிட்டது. சட்ட விவாதத்தைத் திருப்பியது தத்துவத்தைக் காட்டிலும் இந்த அச்சமே எனலாம்.

அந்த அச்சத்துக்கு ஒரு முகத்தைத் தந்தது அருணா ஷான்பாக் வழக்கு. மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியான அவர் 1973-இல் கொடிய தாக்குதலுக்கு உள்ளாகி மூளை பாதிக்கப்பட்டு, 42 ஆண்டுகள் அம்மருத்துவமனைப் படுக்கையிலேயே கிடந்தார். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்த வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கில், அவரைப் பராமரித்த செவிலியர்கள் கூடாது என்றார்கள். அவருக்காகப் பேசும் உரிமை அந்தச் செவிலியர்களுக்கே உண்டு என்று 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் கூறி, மனுவைத் தள்ளியது. ஆனால் உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்வதை, அதாவது 'செயலற்ற கருணைக்கொலை'யை, உயர் நீதிமன்ற அனுமதியுடன் செய்யலாம் என்று அதே தீர்ப்பு வழிகாட்டியது. ஊசி போட்டு உயிர்போக்கும் 'செயல்வழி' முறை இன்றும் குற்றமே. அருணா 2015-இல் நிமோனியாவால் இறந்தார்.

2018 மார்ச் 9 அன்று 'காமன் காஸ்' வழக்கில் ஐவர் அமர்வு, கண்ணியமாக இறப்பது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உரிமை என்று உறுதிசெய்து, முன்கூட்டிய மருத்துவ உயிலையும் ஏற்றது. நினைவு தப்பிய பின் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை நினைவோடு இருக்கும்போதே எழுதிவைக்கும் ஆவணம் அது. நீதித்துறை நடுவர் முன்னிலையில்தான் கையெழுத்திட வேண்டும் என்பது போன்ற விதிகளால் அந்த உரிமை ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்ததால், 2023 ஜனவரியில் நீதிமன்றம் அவற்றைத் தளர்த்தியது. இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரின் சான்றொப்பமும் இப்போது போதும். மருத்துவமனையில் இரு மருத்துவக் குழுக்கள் அடுத்தடுத்துப் பார்த்து ஒப்பிய பின்னரே கருவி விலக்கப்படும். 309-ஆம் பிரிவுக்கும், பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடமில்லை.

நெதர்லாந்து 2002-இலும் கனடா 2016-இலும் மருத்துவர் கையால் இறப்பதையே சட்டமாக்கின. இந்தியா அவ்வளவு தூரம் போகத் தயங்குவதில் நியாயம் உண்டு. மருத்துவச் செலவைப் பெரும்பாலும் குடும்பமே தாங்கும் நாட்டில், 'எனக்குச் சிகிச்சை வேண்டாம்' என்று முதியவர் சொல்லும்போது பேசுவது அவர் மனமா, மருத்துவமனை ரசீதா என்று பிரித்தறிவது கடினம். வலியைத் தணித்து வீட்டிலேயே கவனிக்கும் ஆதரவுச் சிகிச்சை சிற்றூர்களுக்குப் போதுமான அளவில் சென்றால்தான் அவர் விருப்பம் உண்மையான விருப்பமாகும்.

2023-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, இத்தகைய உயிலின் படி ஒன்றை நகராட்சி அல்லது ஊராட்சியின் உரிய அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் அதைக் காப்பதற்கென ஒருவரை நியமிப்பார். ஆரணியில் அப்படி எழுதிவைக்க முன்வரும் நெசவாளர் ஒருவரின் தாள், பிறப்பையும் இறப்பையும் பதியும் அதே நகராட்சி அலுவலகத்தில், அவ்விரு பதிவேடுகளுக்கும் இடையில் காத்திருக்கும்.